கையுறையில் ஏறிய பாடம்

சாந்தினியிடம் எஸ்.பி.எம்., அதாவது மலேசியப் பள்ளியிறுதிச் சான்றிதழ் கிடையாது. படிப்பைப் பாதியில் விட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ், மலாய், கணக்கு எல்லாம் தாராளமாகத் தேறினாள். வரலாற்றில் மட்டும் கோட்டை விட்டாள். அந்த ஒரு பாடம் போனால் சான்றிதழே கையில் வராது, சட்டம் அப்படி! அதனால்தான் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் கமுந்திங்கில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்கு வந்து நின்றாள். கையுறையை ஊதிப் பார்ப்பாள். ஓட்டை தெரிந்தால் மார்க்கரால் வட்டம் போட்டுக் கழிவுத் தொட்டியில் வீசுவாள். வருஷக்கணக்காக இதுதான் பிழைப்பு.

இந்த வருஷம் லைன் லீடர் வேலை காலியானது. எல்லாரும் அவளைத்தான் கைகாட்டினார்கள். மேனேஜர் மட்டும், "சான்றிதழ் கொண்டுவா, அதுவரைக்கும் இடத்தை வெச்சிருக்கேன்" என்றார். வந்ததே ரோஷம் சாந்தினிக்கு! அந்த வாரமே வரலாற்றுப் பரீட்சையை மறுபடி எழுதப் பதிந்தாள். அதே பாடத்தில் விழுந்திருந்த தோழி கலாதேவியையும் இழுத்துக்கொண்டாள்.

கணவன் பவித்ரன் இருக்கிறானே, அவன் சும்மா இருப்பானா? ஈப்போவுக்குப் போய் டேப்லட் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். "டைப் பண்ணு லா. நோட்டு, பேனாவெல்லாம் இப்ப யாரு தூக்குறா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை டியூசனில் சார் இருமியதைத் தவிர மற்றதையெல்லாம் சாந்தினி தட்டித் தள்ளினாள். பக்கத்தில் கலாதேவி பேனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி கலா, இன்னும் மொத வரியிலயே நிக்கிற?"

"கையால எழுதுனாத்தான்டி மண்டைல நிக்கும். நீ தட்டுறதெல்லாம் அந்தப் பலகைக்குத்தான் ஞாபகம் இருக்கும், பாரு!"

கலாவின் வாக்கு பலித்துத் தொலைத்தது. டியூசனில் வைத்த மாதிரித் தேர்வில் சாந்தினிக்கு ஒரு வரிகூட வரவில்லை. சார் சொன்னது முழுக்க டேப்லட்டில் பத்திரமாக இருந்தது, மண்டையில்தான் இல்லை. சரி என்று பேனாவுக்கு மாறினாள். அதுவும் கைகொடுக்கவில்லை. நாளெல்லாம் நின்ற உடம்பு நோட்டைத் திறந்ததும் சாய்ந்துவிடும், பேனா மட்டும் பக்கத்தில் கோணலாக இழுத்துக்கொண்டே போகும். பரீட்சையோ நெருங்கிவிட்டது. லைன் லீடர் வேலை போனது போனதுதான் என்று ஓவென்று அழுதாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரம். கேண்டீனில் டேப்லட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முறைத்தாள். பேராக் மாநிலத்தில் வெள்ளைக்காரன் ஏன் தலையிட்டான்? ஐந்து காரணம், பக்கம் பக்கமாக! பையில் ஒரு ஓட்டைக் கையுறை கிடந்தது. எரிச்சலில் மார்க்கரை எடுத்து அதன் கட்டைவிரலில் 'ஈயம்' என்று கிறுக்கினாள். ஆட்காட்டி விரலில் 'அரியணைச் சண்டை'. நடுவிரலில் 'லாருட் கலவரம்'. மோதிர விரலில் 'கடற்கொள்ளை'. சுண்டுவிரலில் 'ஜெர்மன்காரன் பயம்'. ஒரு விரலில் ஒன்றிரண்டு சொல்தான் பிடிக்கும். ஒரு பக்கத்தை அதற்குள் அடக்க, சார் சொன்னதை முதல் தடவையாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் பழக்கதோஷத்தில் கையுறையை ஊதினாள். அடி ஆத்தாடி! எழுத்தெல்லாம் பொசுபொசுவென்று பெருத்து நின்றது.

"கலா! இங்க பாருடி! லாருட் கலவரம்னா நம்ம கமுந்திங் சண்டைடி! ஈயத்துக்காக இங்கயேதான் அடிச்சுக்கிட்டானுங்க!"

கேண்டீனே திரும்பிப் பார்த்தது. சூப்பர்வைசர் சிரித்துவிட்டு, "குப்பைக்குப் போறதுதான, எடுத்துக்கிட்டுப் போ லா" என்றார். அவ்வளவுதான், வீட்டுக் கொடியில் துணிக்குப் பதில், ஓட்டையை டேப்பால் அடைத்து ஊதிய கைகள் தொங்கின. பவித்ரன் தலையில் மலாக்கா இடித்தது, சுதந்திரம் இடித்தது. அவன் அத்தனையையும் டேப்லட்டில் படம் பிடித்து வைத்தான். கலாதேவி மட்டும் விடவில்லை.

"அஞ்சு வெரலு சரி. ஆறு காரணம் கேட்டா என்னடி பண்ணுவ?"

சாந்தினி அவளை முறைத்தாள். அடுத்த கையுறையை ஊதத் தொடங்கினாள்.

பரீட்சை மண்டபத்தில் தாளைப் பிரித்தாள். பேராக் கேள்வியே வந்திருந்தது! மேசைக்குக் கீழே இடது கையைப் பார்த்தாள். கட்டைவிரல் வந்தது, ஆட்காட்டி வந்தது, நடுவிரல் வந்தது, சுண்டுவிரலும் வந்தது. மோதிர விரல் மட்டும் வாயே திறக்கவில்லை. குனிந்து குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் விடுவாரா? விறுவிறுவென்று வந்து நின்றார்.

"புக்கா தாங்கான்," என்றார். கையை விரி!

சாந்தினி இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். அவர் குனிந்தார், திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி மை கிடையாது. விரித்த விரலில் அவளுடைய கல்யாண மோதிரம்தான் பளிச்சென்று மின்னியது. மோதிரம், கொள்ளை, கடற்கொள்ளை! "தெரீமா காசே, சார்!" என்று நன்றி சொல்லிவிட்டுப் பேனாவைப் பிடித்தாள். மனிதர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

முடிவு வந்த அன்று தொழிற்சாலை வாசலில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். இரண்டு பேருமே பாஸ்! சாந்தினி நேராக மேனேஜர் அறைக்குப் போனாள், லைன் லீடராக வெளியே வந்தாள். கலாதேவிக்கு அப்போதும் வாய் சும்மா இல்லை.

"எல்லாம் சரிடி, ஆறு காரணம் கேட்டிருந்தா?"

சாந்தினி வலது கையை அவள் மூக்குக்கு நேராக விரித்தாள்.

"இன்னொரு கை இருக்குல்ல!"