உப்பு, மஞ்சள், சாமி படம்

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் மாடிப் போர்ஷனைப் பெருக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. சுவரில் முருகன் படம், அதன்மேல் காய்ந்த மாலை. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மாமாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் படத்தைக் கழற்றினேன்.

மாமா என்று நான் கூப்பிடுவது எங்கள் மாடிக் குடித்தனக்காரரை. தனி ஆள். மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களுக்கு வேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் படாளத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இனி மாடிப்படி ஏற முடியாது என்று டாக்டர் தங்கையிடம் சொல்லியாயிற்று. தங்கை எங்களிடம் சொல்லியாயிற்று. அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. போனில், "செடிக்குத் தண்ணி ஊத்து பாப்பா, வந்துடுவேன்" என்பார்.

நைனாவுக்கு அவசரம். "ஆடி பொறந்துட்டா எவனும் குடி வரமாட்டான். அதுக்குள்ள காலி பண்ணி வெள்ளையடிக்கணும்."

"நானே அவராண்ட பக்குவமா சொல்றேன் நைனா" என்று குறுக்கே விழுந்தேன். படித்தவள், பேசத் தெரிந்தவள் என்று என்மேல் எனக்கு ஒரு நம்பிக்கை.

படத்தோடு, அதற்குப் பொட்டு வைக்க மஞ்சள் டப்பாவையும் பையில் வைத்தேன். தங்கை உப்பே போடாமல் சமைக்கிறாள் என்று போனில் புலம்பியிருந்தார்; தமாஷுக்கு அவருடைய கல்லுப்பு ஜாடியையும் எடுத்துக்கொண்டேன். செங்கல்பட்டில் பஸ் மாறிப் படாளத்தில் இறங்கினேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தவர் உப்பு ஜாடியைப் பார்த்ததும் சிரித்தார். "பாத்தியா, இவளாண்ட கேட்டா குடுக்கமாட்டா."

"துன்னு, துன்னு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் தங்கை.

அடுத்து மஞ்சள் டப்பா. அடுத்து படம். சிரிப்பு நின்றுவிட்டது.

"உப்பு, மஞ்சா, சாமி படம்" என்றார், குழறலாக. "தண்ணிக் கொடம் எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு மாறுகிறவர்கள் புது வீட்டுக்குள் முதலில் எடுத்துப்போவது இவற்றைத்தான்.

"என்னக் கேக்காமயே வூட்ட மாத்திட்டீங்க, இல்ல?"

"ஐயோ, அப்படியில்ல மாமா, சும்மா..."

"இன்னா பாப்பா இப்டிப் பண்ணிட்ட!" தங்கை தலையில் கைவைத்துக்கொண்டார்.

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் வராம ஒரு சாமானத் தொடக்கூடாது."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்தேன். அவரே வந்து சாமானை எடுக்கட்டும்; ஏற முடியாவிட்டால் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். கைப்பிடி வைத்த நாற்காலி இருக்கிறது. என்னோடு பள்ளியில் படித்த நாலு பேர், குப்பத்தில் தினமும் படகு தள்ளுகிறவர்கள், தூக்க வருகிறோம் என்றார்கள்.

"இன்னா, மாப்ள ஊர்வலமா? கீழ போட்டுட்டா எவன் பதில் சொல்றது?" என்றார் நைனா. பிறகு அவரே போய்ப் படித் திருப்பத்தின் அகலத்தை முழம் போட்டுப் பார்த்தார்.

மேலே போனபின் இறங்க மாட்டேன் என்று மாமா உட்கார்ந்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து வருகிறோம். நாளை அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்து மாடிக்குத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.