ராமாமணியும் அறுபத்திரண்டாம் வருஷத்து ஜீப்பும்

முழங்கை வரை ஏறிய கிரீஸை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருக்கிறார் ராமாமணி. தோலின் மேல் ஒரு கரண்டி சர்க்கரை. சோப்புக்குப் போகாத கறை இதற்குப் போகும் என்பது அவரே கண்டுபிடித்தது. "ஆனா ஒண்ணுங்க, கை சுத்தமாகுது, எறும்பு பின்னாலயே வருது" என்கிறார். பேசும்போதும் கண் என்னவோ வாசலில் நிற்கும் ஜீப்பின் மேல்தான். அதன் அடியில் விரித்திருக்கும் செய்தித்தாளில் புதிதாக ஒரு சொட்டு எண்ணெய் விழுந்திருக்கிறது. கையைக்கூடத் துடைக்காமல் குனிந்து அதைத் தொட்டு, முகர்ந்து, விரலிடுக்கில் உருட்டிப் பார்க்கிறார். "கியர் ஆயிலுங்க. பயமில்லை."

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே நாலு வீடுகள் மட்டும் உள்ள ஒரு சந்தில் இருக்கிறது அவர் வீடு. எதிர் மாடியில் நான் குடியிருக்கிறேன். ராமாமணிக்கு வயது நாற்பத்தாறு. பள்ளி இறுதிவரை படிப்பு. கணவர் வெங்கடபதி நூல் வியாபாரத்தில் தரகர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் மாற்றிக்கொண்டு கிளம்புகிறவர். இருவரும் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சண்டை தெலுங்கில் தொடங்கும். தெருவுக்கும் கேட்க வேண்டிய பகுதி மட்டும் தமிழில் வரும்.

ஜீப்பை வாங்கியவர் வெங்கடபதிதான். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஏலம் போட்டார்கள் என்று போனவர், ஆசையில் கையைத் தூக்கிவிட்டார். அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஜீப் அறுபத்திரண்டாம் வருஷத்தது. வந்த மாதமே ஆசை தீர்ந்துவிட்டது. காரணம் ஹாரன். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் போதும், அது தானாக அலறும். வலது பக்கம் திருப்பினால் சத்தமில்லை. மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். மூவரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: ஹாரன் ஒயரை அறுத்துவிடலாம்.

"அதேனுங்க இடது பக்கம் மட்டும்?" என்று ராமாமணி கேட்டிருக்கிறார். "மூணு நாள் எனக்குத் தூக்கமே இல்லீங்க. சோறு வடிக்கறப்பவும் அதேன், அதேன்னுதான் ஓடுது." நாலாம் நாள், கணவர் ஈரோட்டுக்குப் போயிருந்தபோது, ஸ்பேனர் ஒன்றை இரவல் வாங்கி ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டார். உள்ளே ஒயரின் தோல் ஒரே ஒரு இடத்தில் தேய்ந்து செம்பு தெரிந்தது. தண்டு இடது பக்கம் சுற்றும்போது அந்த இடம் இரும்பில் உரசியது. டேப் சுற்றி மூடினார். வெங்கடபதி திரும்பி வந்து வண்டியைத் தெருமுனையில் இடது பக்கம் வளைத்தார். சத்தமே இல்லை. இறங்கி வந்து, "ஆரு பார்த்தது?" என்றார். தான்தான் என்று ராமாமணி சொன்னபோது அவர் நம்பவில்லை.

அன்றிலிருந்து வண்டி ராமாமணியுடையது. சேலைக்கு மேல் கணவரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, சாக்கை விரித்து அடியில் படுத்துவிடுவார். கழற்றும் போல்ட்டுகள் அடுக்களை டப்பாக்களில் இருக்கும். "வெந்தயத்துல கதவுதுங்க, சீரகத்துல ரேடியேட்டரு." எதைக் கழற்றினாலும் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டில் படம் வரைந்துகொள்வார். எந்தத் திசையில் இருந்தது, எத்தனை சுற்றில் வந்தது, எதில் கழுவினார், என்றைக்கு மாட்டினார் எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்து கோலம் போட்டதுபோல் இருக்கும். அப்படி ஏழு நோட்டுகள்.

வண்டியைப் பழையபடி வைத்திருக்க வேண்டும் என்ற பிடிவாதமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஆறு வோல்ட் பேட்டரியில் விளக்கு மின்மினிப்பூச்சி மாதிரி எரிந்தது. டைனமோ, பல்பு எல்லாவற்றையும் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பிடித்துப் பன்னிரண்டுக்கு மாற்றினார். ஸ்டார்ட்டர் மட்டும் பழையதே. "ஆறுக்குப் பொறந்ததுங்க, பன்னெண்டு குடுத்தா அரண்டு போய் எச்சாச் சுத்துது. கம்முனு உட்டுட்டேன்." கையால் ஆட்ட வேண்டியிருந்த வைப்பருக்கு மோட்டார் வைத்தார். எஸ்டேட்டில் எப்போதோ செத்துப்போயிருந்த முன் சக்கர கியரை ஒரு கோடை முழுவதும் உட்கார்ந்து உயிர்ப்பித்தார். கணபதியின் தார் ரோட்டில் நாலு சக்கரமும் இழுக்க வேண்டிய தேவை என்ன என்று ஒருமுறை கேட்டேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கம்பெனிக்காரன் குடுத்திருக்கானில்லீங்க? வேலை செய்யோணுமில்ல?"

போன வருஷம் தை மாதத்தில் அவர் கை வைத்தது பிரேக்கில். சக்கரத்துக்குள் பிரேக் கட்டை உரசும் இரும்பு டிரம் நாலும் உள்ளே வரிவரியாகத் தேய்ந்திருந்தன. அதைக் கடைசல் பிடிக்க வீட்டில் முடியாது. பக்கத்துத் தெருவில் லேத் வைத்திருக்கும் சுப்பண்ணனிடம் கொடுத்தார். லாரிக்காரர்கள் தேடி வரும் கை அது. சுப்பண்ணன் கடைந்து கொடுத்த டிரம்களை மாட்டுவதற்கு முன், சக்கரங்களுக்குள் பிரேக் ஆயிலை அடைத்து நிறுத்தும் சின்ன ரப்பர் வாஷர்களையும் புதிதாக வாங்கி, ராமாமணி தானே மாட்டினார்.

அடுத்த வாரம் கணவனும் மனைவியும் தாளவாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். ஓட்டியது ராமாமணி. திரும்பும்போது திம்பம் மலையிறக்கத்தில், பாதிக் கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியிருக்கும், பெடல் தரை வரைக்கும் போய்விட்டது.

"நாலு தரம் அமுக்கினேனுங்க. முதல்ல கொஞ்சம் புடிச்சுது. அஞ்சாந்தரம் வெறும் காத்து. இவுரு 'மணி, மணி'ன்னு கத்தறாரு. நானு செகண்டு போட்டேன், கியரு பல்லு கடகடன்னுச்சு, அப்பறம் பஸ்டு. எஞ்சினு ஊளையிடுது. அடுத்த வளைவுல மலைப் பக்கமா மண்ணு மேடு தெரிஞ்சுது. அதுல கொண்டு போய்ச் சாச்சுப்போட்டேன்."

ஜீப் நின்றது. எதிரே வந்த மூங்கில் லாரியும் நின்றது. ராமாமணிக்கு உதட்டில் ஒரு வெட்டு. முன்னால் கையை ஊன்றியிருந்த வெங்கடபதிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. சத்தியமங்கலத்தில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஜீப்பைக் கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டார்கள்.

வெங்கடபதிக்கு வலியைவிடக் கோபம் பெரிது. கட்டுப் போட்ட கையோடு மறுநாளே முக்கு பேக்கரிக்குப் போய், டீ குடிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார்: "டிரம்மைக் கடைஞ்சு குடுத்தான் பாருங்க சுப்பண்ணன், ரெண்டு உசுரு போயிருக்கும்." அந்த வாரமே மூன்று லாரிக்காரர்கள் கொடுத்திருந்த வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். சுப்பண்ணன் சண்டைக்கு வரவில்லை. பட்டறையை இரண்டு நாள் மூடிவிட்டு, தன் லேத்தையே பிரித்து அளந்துகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

ராமாமணிக்கு வழக்கமான நோய் வந்துவிட்டது. அதேன்? உதட்டில் போட்ட தையலைக்கூடப் பிரிக்கவில்லை, சக்கரத்தைக் கழற்றிவிட்டார். டிரம் கண்ணாடிபோல் இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. ரப்பர் வாஷர்தான் ஊறிப் பெருத்து, விளிம்பு மடங்கி, ஆயிலைக் கசிய விட்டிருந்தது. முகர்ந்தார். பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தார். அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: 'வாஷர் எட்டு. புதுசு. தூசி போக மண்ணெண்ணெயில் கழுவி மாட்டியது.'

உடனே எதையும் முடிவு கட்டிவிடவில்லை. புது வாஷர் இரண்டு வாங்கி வந்தார். ஒன்றை மண்ணெண்ணெய் ஊற்றிய டம்ளரில் போட்டார். மற்றதைப் பிரேக் ஆயிலில். மறுநாள் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிரேக் ஆயிலில் கிடந்தது போட்டபடியே இருந்தது. மற்றது ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது.

இரண்டையும் ஒரு தட்டில் வைத்துக் கணவரிடம் நீட்டினார். தெலுங்கில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தமிழ் மாடி வரைக்கும் கேட்டது.

"நோட்டை ஆரு படிக்கப் போறாங்க? கிழிச்சுப்போட்டு உடு."

"சுப்பண்ணன் பட்டறைல வேலையே இல்லீங்க."

"நீ போய்ச் சொன்னீன்னா, நான் பேக்கரில சொன்னதுக்கு எம் மூஞ்சி என்னாகும்? பொம்பளைகிட்ட வண்டியைக் குடுத்தான் பாருன்னு சிரிக்க மாட்டானுகளா? போய்ச் சொல்லிப் பாரு, நாளைக்கே வண்டியை எடைக்குப் போட்டுருவேன்."

ராமாமணி நோட்டை இடுக்கிக்கொண்டு, தட்டோடு நடந்தார். சந்து முழுவதும் பார்த்தது. நானும் படியிறங்கிப் பின்னால் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சுப்பண்ணன் நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசாதவர். பட்டறையில் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று ராமாமணி காத்திருக்கவில்லை. "அண்ணா, தப்பு உங்க டிரம்முல இல்லீங்க. என்ற கையில. இதைப் பாருங்க" என்று தட்டை லேத்தின் மேல் வைத்தார். சுப்பண்ணன் உப்பிய வாஷரை எடுத்து முகர்ந்தார். "சீமெண்ணெய்ல போட்டீங்களாக்கும்" என்றார். குரலில் கோபமில்லை. ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நீங்க சொன்னது பெரிய மனசுங்க அம்மணி. ஆனா இங்க வந்து எங்கிட்டச் சொன்னாப் பத்தாதுங்க. உங்க ஊட்டுக்காரரு ஆரார்கிட்டச் சொன்னாரோ, அங்க அவரே சொல்லோணும்."

அந்த ஒரு விஷயம்தான் ராமாமணியின் கையில் இல்லாதது. வீட்டில் ஒன்பது நாள் பேச்சில்லை. வெங்கடபதி சொன்னபடியே பழைய இரும்பு வியாபாரி ஒருவருக்கு ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பதில் வந்தது. சனிக்கிழமை காலையில் ராமாமணி டப்பாக்களைத் திறந்தார். வெந்தயத்திலிருந்தும் சீரகத்திலிருந்தும் போல்ட்டுகளை எடுத்து, அவை அவை இருந்த இடத்தில் முடுக்கினார். வண்டியைக் கழுவினார். சாவியைக் கணவரின் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வித்துருங்க. நான் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு முன்னால பேக்கரிக்குப் போய்ட்டு வந்துருங்க."

இதைப் பற்றிப் பிறகு அவரே என்னிடம் பேசினார். "நாலு வருசமுங்க. அதுக்கு உள்ள எனக்குத் தெரியாத எடம் இல்லை. ஆனா அவுரு லேத்தைப் பிரிச்சு அளந்துக்கிட்டு உக்காந்திருந்தாருன்னு கேட்டதுல இருந்து, எனக்கு அடியில படுத்தா மேல பார்க்க முடியலை."

வெங்கடபதி அன்று மாலை பேக்கரிக்குப் போனார். நல்ல கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். தேங்காய் பன்னை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், தின்னவில்லை. "சுப்பண்ணன் வேலைல ஒரு கொறையும் இல்லீங்க. எங்க ஊட்டுலதான் வாஷரைத் தப்பாக் கழுவிப்போட்டோம். நான் விசாரிக்காமப் பேசிட்டேன்" என்றார். 'எங்க ஊட்டுல' என்றும் 'கழுவிப்போட்டோம்' என்றும் அவர் சொன்னதை ராமாமணியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் லாரிக்காரர்களில் இருவர் சுப்பண்ணனிடம் திரும்பி வந்தார்கள். ஒருவர் வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரும்பு வியாபாரி வந்தார். ஜீப்பைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். வெங்கடபதி வாசலிலேயே நின்றார், அவரை உள்ளே கூப்பிடக்கூட இல்லை. "பிரேக் இல்லாத வண்டிங்க. எப்படி எடுத்துட்டுப் போவீங்க?" என்றார். கட்டி இழுத்துக்கொள்வதாக வியாபாரி சொன்னார். "அதெல்லாம் வேண்டாமுங்க. அவ பிரேக்கைச் சரி பண்ணட்டும், அப்பறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த 'அப்பறம்' ஒன்றரை வருஷமாக வரவில்லை.

பிரேக்கை இந்த முறை ராமாமணி தனியாகச் செய்யவில்லை. முடித்ததும் சுப்பண்ணனை அழைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் காட்டினார். அவர் ஒரு வாஷரைத் திருப்பி மாட்டச் சொன்னார். "அதேனுங்க?" என்று ராமாமணி கேட்டு, அரை மணி நேரம் அவரை வேலைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டார். எட்டாவது நோட்டின் முதல் பக்கத்தில் சுப்பண்ணன் சொன்ன காரணம் படத்தோடு இருக்கிறது. இப்போது டீசல் எஞ்சின் மாற்றுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டால் அதை எங்கே வைப்பது என்று கேட்டேன். "கட்டிலுக்கு அடியில எடம் இருக்குதுங்க" என்றார். வெங்கடபதி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

போன மாதம் என்னையும் ஏற்றிக்கொண்டு அதே திம்பத்துக்குப் போனார்கள். அடிவாரம் வந்ததும் பண்ணாரிக்கு முன்னால், ஒரு புளியமரத்தடியில் ராமாமணி வண்டியை ஓரம் கட்டினார். நாலு சக்கரத்திலும் பிரேக் ஒரே அளவில் பிடித்திருந்தால் நாலிலும் ஒரே சூடு இருக்க வேண்டும். அவர் குந்தி உட்கார்ந்து, முதல் சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். அடுத்தது. அதற்கடுத்தது. வெங்கடபதி இறங்கி வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார். நாலாவது சக்கரத்தின் அருகே ராமாமணி கையை நீட்டினார். பிறகு தொடாமலே அதை மடக்கிக்கொண்டு, எழுந்து, கணவர் தொட்டுப் பார்க்க இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.