பதினோரு பாட்டிலுக்கு ஒரு ஃபிரிட்ஜ்

எங்கள் ரத்த வங்கியில் அக்காவை அக்கா என்று கூப்பிடாதவர்கள் யாரும் இல்லை. அவளைவிட எட்டு வயது மூத்த தலைமை டாக்டர்கூட "அக்கா, ஓ நெகட்டிவ் எத்தனை பை இருக்கு?" என்றுதான் கேட்பார். முடியெல்லாம் நரைத்துப்போய், பேரனுக்கு ரத்தம் வாங்க வந்து நிற்கும் பெரியவர்களும் ஐந்து நிமிடத்தில் அக்கா என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிக் கூப்பிட நிஜமாகவே உரிமை உள்ளவன் ஒருவன்தான், அவளுடைய தம்பி. அவன் கடல் தாண்டி இருக்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்வான், அதுவும் நடந்துகொண்டே.

அக்காவுக்கு ஐம்பத்தொன்று. இருப்பு அறைக்குப் பொறுப்பு அவள்தான். அலமாரி உயரத்தில் ஆறு குளிர்பெட்டிகள், எல்லாவற்றுக்கும் கண்ணாடிக் கதவு. இரண்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, ஆறுக்கு மேலே ஏறக்கூடாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதும்போது, உண்மையைச் சொன்னால், சில சமயம் பார்க்காமலே நாலு என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அக்கா அப்படி இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு கதவைச் சரியாக மூடாமல் விட்டதற்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அன்றைக்கே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை அதிகம். அதனால் ஓடுகிறது.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடி, மேலே மொட்டைமாடி. கூடம் அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா கூடத்துத் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, பாயைப் போட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்து அறை மூடியிருந்தது. உள்ளே ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

"உள்ள யாருக்கா?"

"யாரும் இல்லையே."

"அப்ப ஏசி யாருக்கு ஓடுது?"

அக்கா எழுந்து போய்க் கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தாள். "சீக்கிரம் வா, குளிர் போயிடும்" என்றாள். உள்ளே தம்பியின் கட்டில். அதன் மேல் பதினோரு ஒயின் பாட்டில்கள் படுத்திருந்தன. உருண்டுவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணைகொடுத்திருந்தாள். கார்க் மூடி காய்ந்துவிடாமல் இருக்கப் படுக்கவைக்க வேண்டுமாம். சுவரில் ஒரு வெப்பமானி, அதன் கீழே காலை மாலை எழுதிவைத்த தாள். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஆஸ்பத்திரி பாணியில் ஒரு சீட்டு: வரிசை எண், பெற்ற தேதி, உரியவர் தம்பி. காலாவதி தேதி என்ற இடம் மட்டும் எல்லாச் சீட்டிலும் காலியாக இருந்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன்க்கா, மனுஷி வெளியில வேகறீங்க, பாட்டிலுக்கு ஏசி ரூமா?"

"வெயில்ல வச்சா கெட்டுப் போயிடுமாம்டி. படிச்சேன்."

"கெட்டுப் போனா போகட்டும்! உங்களுக்குக் குடிக்கிற பழக்கம்கூட இல்ல!"

"அவன் வந்து கேப்பான் இல்ல?"

கதை இதுதான். தம்பி ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவன். அம்மா அப்பா போனபிறகு அவனை வளர்த்தது அக்காதான். இதை யாராவது தியாகம் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "வீட்ல ஒரு பையன் இருந்தான், சோறு போட்டேன், அவ்வளவுதான்" என்பாள். வெளிநாட்டு வேலை கிடைத்து நாலு வருடம் முன்பு அவன் கிளம்பியபோது வாசலில் கார் நின்றிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு தடவை திரும்பி, பாட்டில் பெட்டி இருந்த அந்த அறைப் பக்கம் பார்த்தானாம். பிறகு அக்காவைப் பார்த்து, "பாத்துக்கோக்கா" என்றானாம். கார் போய்விட்டது.

அவ்வளவுதான் அவன் சொன்னது. அதை அக்கா நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான், ஒரு பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. "எப்படா வர்ற?" என்று மட்டும் அக்கா கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் என்று நான் நினைக்கிறேன். பாட்டில் இங்கே இருக்கிறது, அதனால் என்றைக்காவது வருவான். அவள் கணக்கு அப்படி.

இந்தக் கோடை தொடங்கும்போதே ஏசி படுத்துக்கொண்டது. மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்து, "இது இனி தேறாதும்மா. ஒரு மாசம் ஓடினா பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அக்கா வேலைக்கு வந்ததும் வராததுமாக என்னிடம், "ஒயினுக்குன்னே தனியா ஃபிரிட்ஜ் இருக்காமே, சாயங்காலம் கூட வர்றியா?" என்றாள். ஏசி போனால் மனிதர்கள் வேறு ஏசி வாங்குவார்கள். இவள் பாட்டிலுக்கு ஃபிரிட்ஜ் தேடுகிறாள். தலையில் அடித்துக்கொண்டு கூடப் போனேன்.

மூன்று மாடிக் கடை. ஒயின் ஃபிரிட்ஜ் எல்லாம் மேல் மாடியில் ஒரு மூலையில், சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருந்த டிவிகளுக்குப் பக்கத்தில் இருந்தன. நரைத்த மீசையோடு ஒரு விற்பனையாளர் வந்தார். நாள் முழுக்க நின்ற கால்வலி அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் நல்ல மனிதர்.

"வீட்ல சார் ரொம்ப ரசிச்சுக் குடிப்பாரோ?"

"சார் யாரும் இல்ல."

"அப்ப மேடம்தான்..."

"நான் தொடமாட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "என்னைப் பாக்காதீங்க. குடுத்தா குடிப்பேன். ஆனா இது என்னோடது இல்ல" என்றேன். மனிதர் குழம்பிப்போய் நேராகச் சாமானைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

முதலில் ஒரு குட்டி. பன்னிரண்டு பாட்டில் பிடிக்கும். மோட்டார் கிடையாது, சத்தமே வராது, அதிர்வு இல்லாததால் பாட்டில் ஆடாது என்றார். அக்கா கதவைத் திறந்து ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மோட்டார் இல்லன்னா எப்படிக் குளிரும்?"

"வெளியில இருக்கற சூட்டைவிடப் பதினஞ்சு டிகிரி குறைக்கும் மேடம்."

"எங்க வீட்ல முப்பத்தெட்டு அடிக்கும். அப்ப உள்ள இருபத்தி மூணு. இதை எப்படிக் குளிர்பெட்டின்னு சொல்றீங்க?"

விற்பனையாளர் அவளை இரண்டாவது தடவை பார்த்தார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்தது கம்ப்ரசர் வைத்தது, பதினெட்டு பாட்டில். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே பன்னிரண்டில் நிற்கும், ஆனால் லேசாக உறுமும். மூன்றாவது இரட்டை அறை வைத்தது, சிவப்புக்கு ஒரு குளிர், வெள்ளைக்கு ஒரு குளிர். அக்கா கைப்பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்தாள். எங்கள் இருப்பு அறையில் இருப்பது போலவே ஒன்று, சொந்தமாக வாங்கி வைத்திருப்பாள் போலிருக்கிறது. கம்ப்ரசர் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைத்துக் கதவை மூடிப் பத்து நிமிடம் காத்திருந்தாள். பிறகு கீழ்த்தட்டில் வைத்து இன்னொரு பத்து நிமிடம். விற்பனையாளர் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் டிவியில் ஓடிய சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேல கீழ ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கு. பரவாயில்ல. குளிர் போனா அலாரம் அடிக்குமா?"

"மேடம், இது ஒயினுக்கு."

"உள்ள எது இருந்தா என்ன? போச்சுன்னா தெரிய வேணாமா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு, கேட்க வேண்டியதுதான் என்பதால், கேட்டார். "எவ்வளவு நாளைக்கு வைக்கப் போறீங்க மேடம்? நாலஞ்சு மாசம்னா இந்தக் குட்டியே போதும், வீட்ல கொஞ்சம் நிழலான இடமாப் பாத்து வச்சுக்கலாம். வருஷக்கணக்குன்னா கம்ப்ரசர்தான். அதைச் சொன்னீங்கன்னா எதுன்னு நானே சொல்லிடுவேன்."

இத்தனை நேரம் மேல்தட்டு கீழ்த்தட்டு என்று அடித்துப் பேசியவள், இந்தச் சின்னக் கேள்விக்கு முழித்துக்கொண்டு நின்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது?

"அதுக்கென்னக்கா, போன் போட்டுக் கேட்டுடுங்க. அங்க இப்ப காலைலதானே?"

அவள் மாட்டேன் என்றிருந்தால் நான் விட்டிருப்பேன். அவள் போனை எடுத்தாள். டிவிச் சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரிலும் போட்டாள்.

"அக்கா! என்ன திடீர்னு? உடம்புக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. கடையில நிக்கறேன். உன் பாட்டிலுக்கு ஃபிரிட்ஜ் வாங்கணும். எவ்வளவு நாள் வைக்கணும்னு கேக்கறாங்க."

"எந்தப் பாட்டில்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

"உன் ஒயின் பாட்டில்டா. பதினொண்ணு. ஏசி ரூம்ல பத்திரமா வச்சிருக்கேன். ஏசி போயிடுச்சு, அதான்."

"அதுவா! இன்னுமா வச்சிருக்க? ஓட்டல்ல கிளம்பறப்ப ஆளாளுக்குக் குடுத்தது. யாருக்காவது குடுத்துடுக்கா." சிரித்தான். திடீரென்று சிரிப்பு நின்றது. "இரு இரு. ஏசி ரூம்ல பாட்டில் இருந்தா நீ எங்க படுக்கற?"

"கூடத்துல."

"நாலு வருஷமாவா? அக்கா, அந்த ஏசி உனக்குத்தான் வாங்கி மாட்டினேன். ரூமை நீ எடுத்துக்கோன்னு சொன்னேன் இல்ல?"

"நீ போறப்ப பாத்துக்கோன்னு சொன்னியே."

"உன்னைப் பாத்துக்கோன்னு சொன்னேன்க்கா."

விற்பனையாளர் மெல்ல நகர்ந்து போய், தேவையே இல்லாமல் ஒரு மைக்ரோவேவைத் துடைக்க ஆரம்பித்தார். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவன் வாசலில் இன்னும் ஒரே ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் நாலு கோடை இவள் வெந்திருக்க மாட்டாள். எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவன் குரலில் அக்கறை இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "சரிடா. நீ எப்ப வர்ற?"

கேட்டேவிட்டாள்.

"வரணும்க்கா... இங்க ஒரு வீடு பாத்திருக்கோம், வாங்கற மாதிரி. பாப்பாவுக்கும் ப்ளே ஸ்கூல் ஆரம்பிக்குது." பின்னால் ஒரு காரின் கதவு சாத்தும் சத்தம். "பாக்கலாம்க்கா."

பாக்கலாம் என்றால் என்ன என்று தமிழ் பேசும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராதவர்கள் சொல்வது அது. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நானே சொல்கிறேன்.

"சரிடா, வேலைக்குக் கிளம்பு. நேரமாகுது" என்று அக்கா போனை அணைத்தாள். வெப்பமானியை ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். விற்பனையாளரிடம் போய், "உங்களை ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. வைக்க வேணாமாம்" என்றாள்.

"அதனால என்ன மேடம்" என்றார் அவர். படி வரைக்கும் கூட வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. நிழற்கூரைக்கு அடியில் உட்கார்ந்தோம். அக்கா அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "பாட்டிலை டாக்டருக்குக் குடுத்துடறேன். அவர் குடிப்பார்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் இருக்கும் விடுதியில் ஓர் அறைக்கு நாலு பேர். குளிக்க வரிசை, துணி உலர்த்தச் சண்டை. ஆனால் அப்போது நான் பேசியது எனக்காக இல்லை. மூன்றாவது மாடியில், காலியான ஒரு கட்டிலுக்குப் பக்கத்துக் கூடத்தில், இவள் தனியாகப் பாய் விரித்துப் படுப்பதை நினைக்க முடியவில்லை.

"அக்கா, அந்த ரூம் இனி சும்மாதானே கிடக்கப் போகுது. நான் வந்துடட்டுமா? நீங்க ரூம்ல படுங்க, நான் கூடத்துல படுத்துக்கறேன். இல்ல, ரெண்டு பேரும் ரூம்லயே படுத்துக்கலாம். விடுதியில குடுக்கற வாடகையை உங்ககிட்ட குடுத்துடறேன். பேச்சுத் துணைக்கு ஆச்சு."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது, என் கண்ணால் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சாலைப் பக்கம் திரும்பினாள். என் கையைப் பிடித்தபடியே இருந்தாள், ஆனால் முகத்தில் அந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

"பாக்கலாம்டி" என்றாள்.

இவ்வளவும் கேட்டபிறகும் அந்தக் கட்டிலை இன்னொருத்திக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. பஸ் வந்தது. பின்பக்கம் இரண்டு இடம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தோம்.