லென்சைப் பார்க்காத கண்கள்

இது நடந்தது. எனக்கே நடந்தது. பேயைக் காட்டிப் பிழைப்பு நடத்துகிறவர்களை எதிர்த்துத் தெருமுனைதோறும் தொண்டை வற்றப் பேசியவன் நான். அந்தப் பேச்சில் ஒரு சொல்லையும் இன்றுவரை திரும்பப் பெறவில்லை. ஆயினும் என் புகைப்படக் கடையில் நிகழ்ந்ததை மறைத்தால் நானும் பொய்யன் ஆவேன். ஆகவே எழுதுகிறேன். விளக்கம் தெரிந்தவர்கள் விளக்குங்கள், கைகட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

நானும் என் மனைவியும் பார்த்துவந்த வேலைகளை உதறிவிட்டுத் தொடங்கிய கடை அது. முன்னறையில் கணினி, அச்சு இயந்திரம், காகிதம் வெட்டும் கத்தி. அது அவளுடைய ஆட்சி. திரைச்சீலைக்கு அப்பால் உள்ளறை. அங்கே வெள்ளைப் பின்னணி, ஒரு ஸ்டூல், இரண்டு குடை விளக்குகள், கேமரா. அது என்னுடைய ஆட்சி. திருமணப் படம், குழந்தைப் படம் என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தோம். வந்தவர்கள் அத்தனை பேரும் பாஸ்போர்ட் படத்துக்கே வந்தார்கள். அந்தப் பிழைப்பிலும் மண் விழுந்தது.

பாஸ்போர்ட் படத்தில் கண்கள் லென்சை நேராகப் பார்க்க வேண்டும். எங்கள் படங்களில் பார்க்கவில்லை. யார் வந்து உட்கார்ந்தாலும் கண்கள் கதவுப் பக்கம் ஒதுங்கின. மறுபடி எடுத்தால் மறுபடியும் ஒதுங்கின. அவசரத்தில் கொடுத்தனுப்பிய படங்கள் எல்லாம் அலுவலகங்களிலிருந்து திரும்பி வந்தன.

ஒரு லாரி ஓட்டுநர் படத்தை மேசைமேல் வீசினார்.

"ஏங்க, உங்க கடையில படம் எடுத்தா மாறுகண்ணு இலவசமா? எம் பொண்டாட்டி கேக்குறா, எவளைப் பாத்துய்யா இந்த வழி வழிஞ்சேன்னு."

மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விளக்கை மாற்றினேன். லென்சை மாற்றினேன். ஸ்டூலை நகர்த்தினேன். லென்சைச் சுற்றிச் சிவப்புக் காகிதத்தில் ஒரு வட்டம் ஒட்டி, "இதைப் பாருங்க, இதை மட்டும் பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடினேன். பார்த்தேன் என்று அவர்கள் சொன்னார்கள். பார்க்கவில்லை என்று படம் சொன்னது. கையில் ஒன்றுமில்லாதவன் கடை திறந்தால் வீட்டுக்காரன் எதிர்ப்பான், போட்டிக்காரன் எதிர்ப்பான். அதற்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்தத் தயாராக இருந்தேன். முன்னால் வந்து உட்காருகிறவனின் கருவிழி எதிர்த்தால் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அந்த நேரத்தில்தான் ஒரு தொழிற்சாலையின் அடையாள அட்டை வேலை வந்தது. நாற்பது பேர். மேலாளர் நேரில் வந்து சொன்னார்.

"சார், எங்க வாசல்ல இருக்கிற மெஷின் கண்ணை வச்சுத்தான் ஆளை உள்ள விடும். ஒரு படம் கோணினாலும் மொத்த வேலையும் வேற கடைக்குப் போயிடும். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

அவர் போனதும் மனைவி என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"இதுவும் போச்சுன்னா மூடிரலாங்க. பழைய ஆபீஸ்ல என் இடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. திங்கக்கிழமை போய் நின்னுருவேன்."

மறுநாள் காலை அந்த நாற்பது பேரும் வருவதாக ஏற்பாடு.

அன்று மாலை 6.40. முன்னறையிலிருந்து அவள் குரல்.

"என்னங்க... இங்க வாங்களேன்."

திரும்பி வந்த படங்களோடு நேற்றைய படங்களையும் சேர்த்து, எடுத்த வரிசைப்படி மேசைமேல் பரப்பியிருந்தாள். தொடக்கத்தில் எடுத்த முகங்கள் கதவைப் பார்த்தன. அதற்குப் பிந்தியவை ஓரத்து விளக்கைப் பார்த்தன. நேற்று எடுத்தவை, கேமராவுக்கு ஒரு முழம் தள்ளி.

"கிட்ட வருதுங்க," என்றாள்.

"எது?"

அவள் நேற்றைய படம் ஒன்றின்மேல் விரலை வைத்தாள்.

"நீயும் ஆரம்பிக்காதே!" என்று சீறினேன். அந்தச் சீற்றம் அவள்மேல் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். மறுநாளைக்குக் காகிதம் போதாது என்று கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டாள்.

7.10. உள்ளறையில் நான் மட்டும். குற்றம் என் கருவியிலா, வந்தவர்களின் கண்ணிலா என்று இன்றே தீர்த்துவிடுவது என முடிவு செய்தேன். ஸ்டூலில் நானே உட்கார்ந்தேன். கையில் ரிமோட். சிவப்பு வட்டத்தையே வெறித்தேன். அழுத்தினேன்.

எழுந்து போய்ப் பார்த்தேன். படத்தில் என் கண்கள் கேமராவுக்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்தன.

நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

மறுபடி உட்கார்ந்தேன். அறையில் விளக்கின் மெல்லிய இரைச்சல் மட்டும்... அதுவும் நின்றது.

சொடக்.

விரல் சொடுக்கும் ஓசை. கைக்குழந்தையின் பார்வையைத் திருப்ப நாங்கள் போடும் அதே சொடக்கு. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"யாரு?"

சொடக்.

இப்போது கேமராவுக்குப் பின்னால்.

எழ நினைத்தேன்.

என் தாடையின் அடியில் ஏதோ பட்டது.

ஒரு விரல்.

ஈரமாக... சில்லென்று...

மெல்ல என் முகத்தை நிமிர்த்தியது. கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியது.

விலகியது.

பளிச்!

ரிமோட் என் மடியில் கிடந்தது. நான் அழுத்தவில்லை.

7.25க்கு மனைவி காகிதக்கட்டுடன் வந்தபோதும் நான் ஸ்டூலிலேயே இருந்தேனாம். அவள்தான் கேமராவைப் பார்த்தாள். "அட! நேரா வந்திருக்கே!" என்று கூவினாள். ஆம். தாடை சரி. தோள் சரி. கண்கள் லென்சின் நட்டநடுவில். அத்தனை மாதம் முட்டி மோதியும் எனக்கு வசப்படாத படம் அது. சொன்னால் சிரியுங்கள்: அச்சத்தைக் காட்டிலும் எனக்கு ஆத்திரமே மிகுந்தது. அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் கடை திறக்காது.

காலை 9.00. நாற்பது பேரும் வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளறைக்குப் போனார்கள். ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அன்று சொடக்கு இல்லை, விரல் இல்லை, ஒன்றுமில்லை. லென்சு வழியே ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். ஒவ்வொரு முகமும் என்னைப் பார்த்தது. முன்னறையில் கணினித் திரையைப் பார்த்தபடி மனைவி குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள்: "நேரா இருக்குங்க... இதுவும்... இதுவும்..."

ஒரு படமும் திரும்பவில்லை. கடை பிழைத்தது. அந்த ஒரு வேலை பத்து வேலைகளைக் கூட்டி வந்தது. களைத்த மூளை ஆயிரம் ஓசை கேட்கும் என்று எனக்கு நானே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தி, அந்த மாலையை ஒருவாறு புதைத்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் நண்பகல், அந்தத் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருக்கும் பெண் ஒருத்தி தன் தங்கையைப் படமெடுக்க அழைத்து வந்தாள். உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அந்த அக்கா இல்லையாண்ணே?"

"இதோ இருக்காங்களே," என்று மனைவியைக் காட்டினேன்.

"இவங்க இல்ல. அன்னைக்கு எங்களை எல்லாம் படம் எடுத்தாங்களே... ஒரு வார்த்தை பேசாம. அவங்க."

"படம் எடுத்தது நான்மா."

"போங்கண்ணே, கேலி பண்ணாதீங்க," என்று சிரித்தாள்.

மனைவியின் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

அன்று மாலையே தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். வேலை முடிந்து வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, அவர்களைப் படம் எடுத்தது யார் என்று கேளாமல், அன்று நான் எங்கே இருந்தேன் என்று மட்டும் கேட்டேன். ஒருவர் சொன்னதையே அடுத்தவரும் சொன்னார். கடைசியாக வந்த வயதான காவலாளி மட்டும் என் தோளைத் தொட்டு, சற்றுக் கவலையோடு விசாரித்தார்.

"இப்ப உடம்பு தேவலையா தம்பி? அன்னைக்கு நீங்க மூலையில சுவரைப் பாத்துக்கிட்டே நின்னீங்க. நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்ல."