வாசற்படியில் உப்பு

கொலராடோவுக்குக் குடிவந்த மறுநாள் காலை, கதவைத் திறந்ததும் பயந்து பின்வாங்கினேன். எதிரே மலையெல்லாம் பனி. பயந்தது அதற்கல்ல. என் வாசற்படி முழுக்கக் கல்லுப்பு. யாரையுமே தெரியாத ஊரில் எனக்கு யார் செய்வினை வைத்தது?

அந்த நொடியே நான் ஜொகூரில் எங்கள் பழைய ரெங்கம் தோட்ட வீட்டில் நின்றேன். எட்டு வயது. இரவு மழையின் செம்மண் வாடை, வாசலில் இதே உப்பு. மிதிக்கப்போன என்னை அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தாண்டாதடி! பக்கத்து வீட்டு மேரி வேலைதான் இது!"

மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அன்றோடு மேரி அக்காவோடு பேச்சு நின்றது. அவர் கொடுத்தனுப்பிய கிறிஸ்துமஸ் முறுக்கு கோழிக்குப் போனது.

இங்கும் அதையே செய்தேன். கூட்டித் தள்ளி, மஞ்சள் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் கண்ணெதிரே மஞ்சள் கண்ணாடியாக உறைந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் உப்பு வாளியோடு ஓடிவந்தார்.

"படியில் பனி உறைந்து நீங்கள் வழுக்கி விழக்கூடாதென்றுதானே விடியலிலேயே தூவினேன்!"

வெட்கத்தோடு ஜொகூர் பாருவிலிருக்கும் அம்மாவை அழைத்துச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ரெங்கத்துல அன்னிக்கு ராத்திரி நல்ல மழை லா," என்றார். "மழைன்னா தோட்டத்து அட்டையெல்லாம் படியேறி வரும். நீ வெறுங்கால்ல ஓடுவ. அட்டைக்கு உப்புதான் போடுவாங்க."

"அப்போ மேரி அக்கா..."

"அவ வாசல்லயும் உப்பு கெடந்துச்சு," என்றார் அம்மா. "அன்னிக்கே பார்த்தேன்."