பாத்திரத்தில் மீந்தது

என் தம்பிக்கு நாற்பத்தாறு வயது. பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். பேச்சு வராது, வாயில் எச்சில் நிற்காது. மயிலாப்பூரில் எங்கள் கிறிஸ்தவ சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து. அன்றைக்கு மட்டும் அவனை எழுப்ப வேண்டியதில்லை. விடியுமுன்னே சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பான். மேற்கு மாம்பலத்திலிருந்து ஆட்டோவில் போகும் வழியெல்லாம் சிரிப்புதான். அப்பம் அவனுக்குப் பெரிய விஷயமில்லை. எல்லோரும் குடிக்கும் அந்த வெள்ளிப் பாத்திரம் தன் வாய்க்கும் வர வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரே பாத்திரம். வரிசையாக எல்லோரும் அதில்தான் திராட்சரசம் குடிப்போம். நாமெல்லாம் ஒரே சரீரம் என்று அதற்கு விளக்கமும் உண்டு. அந்தச் சரீரம் என் தம்பியைக் கண்டதும் சிதறி ஓடும். பீடத்தின் முன் அவனை முழங்காலிட வைத்தால் பக்கத்து இடம் காலியாகிவிடும். ஒருமுறை பின்னாலிருந்த ஒருவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இந்தாண்ட வராத. அது குந்திகினு கீது பாரு."

காலையிலிருந்து அன்பைப் பற்றிப் பாடிய வாய் அது. பிறகு கமிட்டிப் பெண்மணி ஒருவர் என்னை வாசலில் நிறுத்தினார்.

"தம்பிக்கு அப்பம் போதுமே சிஸ்டர். அதுலயே கர்த்தர் முழுசா இருக்காரே."

"அப்ப நீங்களும் அதோட நிறுத்திக்குங்களேன்," என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. அன்று மதியச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

ஆயர் இளைஞர், நல்ல மனிதர். அவர்தான் ஒரு வழி சொன்னார்: கடைசி வரிசையில் கடைசி ஆளாகத் தம்பி வரட்டும். ஒத்துக்கொண்டேன். நான் குடிப்பேன், பிறகு அவன் குடிப்பான். மீதியை ஆயர் குடித்து முடிக்க வேண்டும் என்பது முறை. ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. சபையையே ஜெயித்துவிட்டதாக நினைத்து ஆறேழு மாதம் தலைநிமிர்ந்து நடந்தேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, தம்பிக்குத் தண்ணீர் கேட்க ஆயரின் அறைக்குள் நுழைந்தேன். அவன் என் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி பின்னால் வந்தான். ஆயர் ஜன்னலோரத்துக் குரோட்டன்ஸ் தொட்டியில் பாத்திரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இந்தச் செடி எப்ப ஐயா ஞானஸ்நானம் வாங்குச்சு?"

அவர் மறைக்கவில்லை. "முதல் மாசம் குடிச்சேன்க்கா. வாந்தி வந்துடுச்சு. தப்புன்னு தெரியுது, முடியல." பாத்திரத்தில் இன்னும் ஒரு மிடறு இருந்தது. அதை என்னிடம் நீட்டினார். "நீங்க கூடப் பிறந்தவங்க. நீங்க குடிச்சிடுங்கக்கா."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னை நம்பிக் கொடுத்தார். வாங்கினேன். ரசத்தின் மேல் நூலாக எச்சில் மிதந்தது. அப்பத் துணுக்கு ஒன்று ஊறிக் கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். நான் குடிக்கப்போகிறேன் என்று தம்பி வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனைக் குளிப்பாட்டியிருக்கிறேன், மலம் துடைத்திருக்கிறேன். துடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். இது உள்ளே போகிற விஷயம். வீட்டில் அவனுடைய டம்ளரை நான் ஒருநாளும் உதட்டில் வைத்ததில்லை. அங்கே நின்றபோதுதான் அது எனக்கே உறைத்தது. பாத்திரத்தை முகத்தருகே கொண்டுபோனேன். குமட்டியது. அவன் கண்ணெதிரிலேயே அதைத் தொட்டியில் ஊற்றினேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவனிடம் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன். தேனாம்பேட்டையில் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தான்.

அடுத்த திருவிருந்தில் அப்பத்தை வாங்கிக்கொண்டான். பாத்திரம் வந்ததும் உதடுகளை இறுக மூடிக்கொண்டான். ஆயர் இரண்டு முறை வாயருகே கொண்டுபோனார்; திறக்கவில்லை. பிறகு ஆயர் பீடத்தின் பக்கம் திரும்பி, மீதியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.