‘டூ’வுக்குப் பின் விட்டுப்போன சொல்

பங்கிராஸ் ராயப்பன்பட்டியில் வேதக்காரக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. ஊர்ப் பாதிரியாரிடம் கற்ற இங்கிலீஷை நம்பித்தான், தேவாரத்துக்கு மேலே மலையில் காப்பித் தோட்டம் போட்டிருந்த துரை அவனை ரைட்டராக வைத்துக்கொண்டார். துரைக்குத் தமிழ் வராது. அவருக்கும் இருநூறு கூலியாட்களுக்கும் நடுவே இருந்த ஒரே வாய் பங்கிராஸுடையது.

வந்த புதிதில் அவன் பேச்சு துரைக்குச் சிரிப்பாக இருந்தது. “ஆட்கள் மழையில் வேலை செய்ய விரும்புகிறார்களா?” என்று கேட்டால், “எஸ் சார், தே வான்ட்” என்பான். தமிழில் ‘வேணும்’ என்றால் பேச்சு முடிந்தது. இங்கிலீஷில் ‘வான்ட்’ என்று நிறுத்தினால் நொண்டும். “வான்ட் டூ என்று சொல். செய்வது என்ன என்பது என் கேள்வியிலேயே இருக்கிறது, அதைத் திருப்பிச் சொல்லாதே” என்று துரை திருத்தினார். அதுமுதல் மிச்சத்தை விழுங்கிவிட்டு ‘டூ’வோடு நிறுத்துவதில் பங்கிராஸுக்கு உள்ளூர ஒரு பெருமை.

1893 ஆனி மாதம் கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் வாந்திபேதி புகுந்தது. முதல் வாரத்திலேயே மூன்று பேர் செத்தார்கள். துரை கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் யாரும் மலையிறங்க முடியாது. மீறினால் ஒப்பந்தத்தை முறித்த குற்றத்துக்கு ஜெயில். வருசநாட்டுக்காரன் சுருளியாண்டி பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் பங்களா வாசலுக்கு வந்தான்.

“ரைட்டரய்யா, நாங்க இனி இங்கன கெடக்க மாட்டோம்னு தொரைகிட்டச் சொல்லுங்க. கீழ போனா எங்க சனம் கஞ்சித்தண்ணியாவது ஊத்தும்.”

துரை பீர்மேட்டுக்குப் புறப்பட்டுக் குதிரைமேல் இருந்தார். அவசரத்தில் ஒரே மூச்சில் கேட்டார்: “மருந்து அனுப்புகிறேன், இங்கேயே இருக்க விரும்புகிறார்களா? இல்லை, கீழே போக விரும்புகிறார்களா?”

“தே டோன்ட் வான்ட் டூ, சார்” என்றான் பங்கிராஸ்.

அவன் மனதில் இருந்தது முதல் கேள்வி. இங்கே இருக்க விருப்பமில்லை என்று சொன்னான். துரையின் காதில் நின்றது இரண்டாவது. கீழே போக விருப்பமில்லை என்று கேட்டுக்கொண்டார். “நல்லது” என்று தலையாட்டிவிட்டுக் குதிரையைத் தட்டினார்.

“தொரை என்ன சொன்னாக?” என்றான் சுருளியாண்டி.

“நல்லதுன்னாக. சீட்டு வந்துரும்.”

வந்தது மருந்துப் பெட்டிதான். சீட்டு சாவடிக்கு வந்திருக்கும் என்று நம்பி மூட்டை கட்டிப் போனவர்களை மலைப்பாதைச் சாவடிக் காவல்காரன் திருப்பியனுப்பினான். ஆட்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள், ஒருவரையும் விடாதே என்று துரை போகிற வழியில், பட்டாளத்து இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்த அவனிடம் உத்தரவு போட்டிருந்தார். பங்கிராஸுக்கு அப்போதுதான் விளங்கியது. கடுதாசி எழுதி ஆள் அனுப்பினான். ஓடைகளில் வெள்ளம், பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. சீட்டுப் புத்தகம் அவன் மேசைமேல்தான் இருந்தது. துரையின் கையெழுத்தும் அவனுக்குப் பழக்கம்தான். இரண்டு தரம் பேனாவை எடுத்தான், ஜெயிலை நினைத்துக் கீழே வைத்தான். அந்த ஒன்பது நாளில் பதினாலு பேரைப் புதைத்தார்கள். ஐந்தாம் நாள் சுருளியாண்டியும் செத்தான்.

திரும்பி வந்த துரை தன் டைரியைக் காட்டினார். ஆட்கள் இறங்க விரும்பவில்லை என்று ரைட்டர் சொன்னதாக அதில் இருந்தது. “நீ சொன்னது இதுதானே?” என்றார். பங்கிராஸ் “எஸ் சார்” என்று சீட்டுப் புத்தகத்தை அவர்முன் விரித்தான், துரை கையெழுத்திட்டார்.

எல்லாருக்கும் சீட்டு எழுதி முடித்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனான். சுருளியாண்டியின் மனைவி வீருசின்னம்மா பானைகளைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை அவளிடம் சொன்னான்.

“ஆத்தா, இங்கன இருக்க மாட்டாகன்னுதான் நான் சொன்னேன். எறங்க மாட்டாகன்னு தொரை எடுத்துக்கிட்டாக.”

அவள் முடிச்சை இறுக்கினாள். “எறங்கணுமாம்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்ல நேரமில்லையாய்யா?”

“நேரம் இருந்துச்சு.”

அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, நீட்டிய சீட்டை வாங்காமல் நடந்தாள். சாவடிக்காரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டான்.

அந்த மாதமே பங்கிராஸ் வேலையை விட்டு ஊர் திரும்பி ஏர் பிடித்தான். மறு வருசம், உத்தமபாளையம் தாலுகா கச்சேரியில் விசாரணைக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று சேவகன் தேடி வந்தபோது, தனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்ற பாதிரியார் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கிப் போனான்.